வெறும் தண்ணீர் குடித்த எலிகள்

இன்று காலை பழைய கோப்புகளைக் கிழித்துப் போடும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டில் ரத்தான ஆய்வுகளின் தாள்கள் கிடந்தன. ஒரு கோப்பைத் திறந்தேன். உமித்தூசி பறந்தது. அதோடு இன்னொரு வாசனையும் வந்தது. புகையிலையும் சுண்ணாம்பும் சேர்ந்த வாசனை. தாளின் ஓரத்தில் பழுப்பாக ஒரு கட்டைவிரல் கறை. அடுத்த தாளிலும் கறை. அதற்கடுத்த தாளிலும். எழுத்தெல்லாம் என்னுடையது, கறையெல்லாம் உன்னுடையது.

நீ போய் இரண்டு தீபாவளி முடிந்துவிட்டது. வாசனை மட்டும் போகாமல் கோப்புக்குள் உட்கார்ந்திருக்கிறது.

நீ கடைசியாக என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். அதற்குப் பதில் இந்தக் கோப்பில் இருக்கிறது. கேட்ட ஆள் இல்லாதபோது பதில் கிடைத்து என்ன ஆகப்போகிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் கிழிக்கிற மெஷின் பக்கம் போகாமல் மேஜையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். யாராவது கேட்டால் பட்டியல் எடுக்கிறேன் என்று சொல்லிவிடுவேன். பொய் சொல்வது எனக்குக் கைவந்த கலை. உன்னைவிட நன்றாக அது யாருக்குத் தெரியும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நீ சட்டை தைத்துக்கொண்டிருந்த கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று வேலை கேட்டு வந்தாய். உன் வீடு சென்னீர்குப்பத்தில், எங்கள் ஆய்வகத்துக்கு நடந்து வரும் தூரம். விலங்குகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றதும், நாயா மாடா என்று கேட்டாய். எலி என்றேன். சிரித்துவிட்டாய்.

"எங்க ஊட்ல எலி வந்தா கட்டைய எடுத்துகினு தொரத்துவோம். இங்க சோறு போட்டு வளக்கறீங்களா யக்கா?"

நமக்கு ஏறக்குறைய ஒரே வயதுதான். யார் மூத்தவள் என்று நாம் கணக்குப் பார்த்ததே இல்லை. நான் வெள்ளைக் கோட்டு போட்டிருந்தேன், அதனால் யக்கா ஆகிவிட்டேன் என்று நினைக்கிறேன். நாங்கள் அனிமல் ஹவுஸ் என்று சொல்லிக்கொண்டிருந்த அந்த ஜன்னல் இல்லாத குளிர்ந்த அறைக்கு முதல் வாரமே நீ பேர் மாற்றிவிட்டாய். எலி ஊடு. பிறகு காவலாளியிலிருந்து பெரிய சார் வரைக்கும் எல்லோரும் எலி வீடு என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

உனக்கு முன்னால் இருந்தவர் எலியைக் கண்டால் ஒதுங்குவார். தடித்த கையுறை போட்டுக்கொண்டு வாலைப் பிடித்து இழுப்பார், அது திரும்பிக் கடிக்கும், அவர் கத்துவார். நீ முதல் நாளே கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு வெறுங்கையைக் கூண்டுக்குள் விட்டாய். நான் பதறிப்போனேன். அந்த வெள்ளை எலி உன் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தது, கொஞ்சம் நக்கியது, பிறகு ஏறி உட்கார்ந்துகொண்டது.

"கையில சூடு கீதில்ல, அதான். ரப்பர்ல இன்னா சூடு கீது?"

உன் உள்ளங்கையில் சூடு மட்டும் இல்லை. அதை நான் அன்றே யோசித்திருக்க வேண்டும்.

புகையிலை உனக்கு முதல் பிள்ளை பிறந்த பிறகு வந்த பழக்கம் என்று ஒருமுறை சொன்னாய். தாங்க முடியாத பல்வலி, பக்கத்து வீட்டுக்காரி ஒரு துண்டு கிள்ளிக் கொடுத்தாள், வலி போய்விட்டது, புகையிலை போகவில்லை. தையல் கம்பெனியில் நின்ற இடத்திலேயே நாள் முழுக்க வேலை. புகையிலை போட்டால் பசியும் தெரியாது, தூக்கமும் வராது. சாப்பாட்டுக்குப் பிறகு நம் கட்டடத்துக்குப் பின்னால் வாதாமரத்தடியில் உட்கார்ந்து, இடது உள்ளங்கையில் புகையிலையை வைத்து, சுண்ணாம்பைத் தொட்டு, வலது கட்டைவிரலால் நசுக்கி நசுக்கித் தேய்ப்பாய். அந்த நேரத்தில் யார் பேசினாலும் உன் காதில் விழாது. பிறகு கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டு, முகக்கவசத்தை மேலே இழுத்து விட்டுக்கொண்டு உள்ளே வந்துவிடுவாய்.

"மாஸ்க் கண்டுபிடிச்சவன் உனக்காகவே கண்டுபிடிச்சிருக்கான்" என்று நான் கிண்டல் செய்வேன்.

"அவன் நல்லா இருக்கணும் யக்கா" என்பாய், வாய் திறக்காமலே.

எலி வீட்டுக்குள் புகையிலை கூடாது என்பது விதி. கையுறை போட வேண்டும் என்பது விதி. தினமும் ஒரு தாளில் அறையின் வெப்பம், உமி மாற்றியது, பாட்டில் மாற்றியது, பணியாளர் கையுறை அணிந்தாரா என்பது, கடைசியில் குறிப்புகள், எல்லாவற்றையும் நான்தான் கண்ணால் பார்த்து நிரப்ப வேண்டும். எலியின் வால் எண்ணை நீ படித்துச் சொல்ல நான் எழுதுவேன். தாளைப் பிடித்துக்கொள்வது நீ. கையுறைக் கட்டத்தில் ஒவ்வொரு நாளும் நான் டிக் போட்டேன். நீ வெறுங்கையோடு என் எதிரில் நிற்கும்போதே போட்டேன். எலிகள் உன்னிடம் அடங்கி இருந்தன, யாருக்கும் கடி இல்லை, வேலை சீக்கிரம் முடிந்தது, எனக்கு ஆவடி ஷேர் ஆட்டோ தவறாமல் கிடைத்தது. அதற்காகத்தான் போட்டேன். பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

பிறகு அந்த ஆய்வு வந்தது. எத்தனையோ ஆய்வு இருக்க, நம் தலையெழுத்துக்கு நிகோட்டின் ஆய்வு.

கதவோர வரிசை எலிகளுக்குத் தண்ணீரில் நிகோட்டின். சுவரோர வரிசை எலிகளுக்கு வெறும் தண்ணீர். கசப்பு தெரியாமல் இருக்க இரண்டிலும் துளி இனிப்பு. கதவோரப் பாட்டிலுக்குச் சிவப்பு மூடி, சுவரோரத்துக்கு நீல மூடி. பல வாரம் இப்படியே குடிக்க விட்டு, அவற்றின் நடத்தை எப்படி மாறுகிறது, மூளையில் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். நீ சிவப்பு மூடியை மோந்து பார்த்தாய்.

"இதுக்குள்ள நம்ம சரக்கா கீது?"

"அதேதான்."

"பாவம். நானாச்சும் கடைக்குப் போயி வாங்கறேன். இதுங்களுக்கு ஊட்டுக்கே வருது."

முதல் சில நாள் கதவோர எலிகள் மந்தமாகிக் கூண்டு மூலையில் குறுகி உட்கார்ந்திருந்தன. பிறகு பழகிக்கொண்டன. பழகியதோடு நிற்காமல், பெரிய பெட்டியில் இறக்கிவிட்டால் மற்றவற்றைவிட வேகமாகச் சுற்றிச் சுற்றி ஓடின. நான் கடிகாரம் வைத்துக்கொண்டு எத்தனை கட்டத்தைத் தாண்டுகிறது என்று எண்ணுவேன். நீ எண்ணாமலே சொல்லிவிடுவாய். "இதுக்கு ஏறிப்போச்சு." "தோ, இது இன்னும் குடிக்கல, அதான் தூங்குது." ஒன்றிரண்டு தடவை உன்னைச் சோதித்துப் பார்த்தேன். நீ சொன்னதுதான் என் எண்ணிக்கையிலும் வந்தது. உனக்கு அது உள்ளிருந்து தெரிந்த விஷயம், எனக்குப் புத்தகத்தில் படித்த விஷயம்.

ஒருநாள் வாதாமரத்தடியில் நீ தேய்த்துக்கொண்டிருக்கும்போது நான் உனக்கு மூளைப் பாடம் எடுத்தேன். எடுத்திருக்க வேண்டாம். மூளை செல்லின் மேல் ஏற்பிகள் என்று சில இருக்கின்றன, உட்காரும் நாற்காலி என்று வைத்துக்கொள், உடம்பு அனுப்பும் ஆள் வந்து ஒரு கணம் உட்கார்ந்து சேதி சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவான் என்றேன். நிகோட்டினும் அதே நாற்காலியில் உட்காரும், ஆனால் சீக்கிரத்தில் எழுந்திருக்காது, உட்கார்ந்த நாற்காலி மரத்துப்போய்விடும், நாற்காலி போதவில்லை என்று மூளை மேலும் மேலும் போட்டுக்கொண்டே போகும் என்றேன். நிகோட்டினை நிறுத்தினால் அத்தனை நாற்காலியும் காலியாகக் கிடந்து ஆள் எங்கே ஆள் எங்கே என்று கேட்கும், எலி உடம்பை உதறும், பல்லைக் கடிக்கும், வெளிச்சத்துக்கு வரப் பயந்து சுவர் ஓரத்திலேயே ஒண்டும்.

நீ தேய்த்ததைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டாய்.

"கல்யாண ஊட்ல சேர் போட்டுட்டு ஆளு வராத கணக்கு. சரி, சேர மடிச்சு எடுத்துகினு போ மாட்டானா?"

"போவான். சில வாரம் ஆகும்."

"நாலு நாள்ல முடியாதா யக்கா?"

"எலிக்கே முடியாது."

பழைய ஆய்வு ஒன்றின் மூளைப் படங்களை உனக்குக் காட்டினேன். ஏற்பிகள் அதிகமான இடம் கருப்பாகத் தெரியும். நிகோட்டின் குடித்த எலியின் படத்தில் கருமை அடர்ந்திருந்தது. நீ உன் நெற்றிப்பொட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாய். "எனுக்கும் இப்டிதான் கீதா?" என்று கேட்டாய். எலிக்கு உள்ளதுதான் நமக்கும் என்று சொன்னேன். ஏதோ தேர்வில் மார்க் வாங்கியவள் போலப் பெருமையாகச் சொன்னேன். இப்போது நினைத்தால் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

இதற்கிடையில் சுவரோர எலிகள் உன்னைக் கண்டால் ஓடி வர ஆரம்பித்தன. வெறும் தண்ணீர் குடிப்பவை. நான் கதவைத் திறந்தால் அசையாது. நீ வந்தால் அத்தனையும் கூண்டின் முன்கம்பியில் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும். கையை விட்டால் விரல் விரலாக நக்கும்.

"அதுங்களுக்காச்சும் தண்ணில மருந்து. இதுங்களுக்கு இன்னா குடுத்தோம்? ஒண்ணியும் இல்ல. சும்மா பாசம் யக்கா" என்று நீ சொன்னபோது நானும் ஆமாம் என்றேன்.

வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் மருத்துவப் பரிசோதனை அந்த மாதம் வந்தது. பல் டாக்டர் சின்னப் பெண். உன் கன்னத்தை உள்பக்கமாக விலக்கி டார்ச் அடித்தவள் என்னையும் கூப்பிட்டுக் காட்டினாள். உள்ளே பால் ஏடு ஒட்டியது போல ஒரு வெள்ளைத் திட்டு. உடனே நிறுத்தினால் மறைய வாய்ப்பிருக்கிறது, எதற்கும் பெரிய ஆஸ்பத்திரியில் கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதித்துவிட வேண்டும் என்றாள். நீ தலையை ஆட்டினாய். வெளியே வந்ததும் உன் கை தன்னால் இடுப்புக்குப் போனது. புகையிலை மடிப்பை எடுத்து, பார்த்து, திரும்பச் செருகினாய்.

மறுநாள் நீயாகத்தான் சொன்னாய். "எலிங்களுக்கு என்னிக்கு செவப்பு மூடிய எடுக்கறீங்களோ அன்னிக்கு நானும் உட்டுடறேன். அதுங்களும் படட்டும், நானும் படறேன். கூட தொணைக்கு ஆளு கீதில்ல."

குடிக்க வைக்கும் வாரங்கள் முடிந்ததும் இரண்டு வரிசையிலும் பாதி எலிகளை எடுத்துவிட்டோம். எடுத்துவிட்டோம் என்பது எங்கள் சொல். நீ அந்தச் சொல்லை ஒருநாளும் சொன்னதில்லை. அன்றைக்கு லீவு போட்டுவிடுவாய். அவற்றின் ரத்தம் பரிசோதனைக்குப் போயிற்று, மூளை பெட்டியில் உறைந்தது. மீதிப் பாதிக்கு மறுநாள் சிவப்பு மூடியை எடுத்துவிட்டு எல்லாவற்றுக்கும் நீல மூடி மாட்டினோம். நீ சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிக்கொண்டு, மடியை உதறிக் காட்டிவிட்டு, உள்ளே வந்தாய்.

முதல் நாள் சோம்பை மென்றுகொண்டு சமாளித்தாய். இரண்டாம் நாள் ஒரு பாட்டிலைக் கீழே போட்டாய், காவலாளியிடம் காரணமில்லாமல் சண்டை போட்டாய், சாப்பாட்டை அப்படியே மூடி வைத்தாய். கதவோர எலிகள் குளித்துவிட்டு வந்த நாய் போல உடம்பை உதறின, பல்லை நறநறத்தன. சுவரோர எலிகளும் அன்று கொஞ்சம் சிடுசிடுத்தன. என் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் பாட்டில் கழுவும் அறையில் தரையில் உட்கார்ந்து அழுதாய். எதற்கு என்று கேட்டேன். "தெரில யக்கா. அழுவ வருது" என்றாய். நான் உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். உன் தாடை இறுகி இறுகி அசைந்துகொண்டிருந்தது. அதை என் மனசு எண்ணிக்கொண்டிருந்தது, ஒன்று, இரண்டு, மூன்று என்று, எலியை எண்ணுவது போல. எண்ண மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. உன் தோளில் கை வைக்கக்கூட அப்போது தோன்றவில்லை.

நான்காம் நாள் காலை நீ தலை சீவிப் பூ வைத்துக்கொண்டு வந்தாய். தூங்கினேன் என்றாய். சாம்பாரில் பெருங்காயம் மணத்தது என்று அதிசயமாகச் சொன்னாய். வெள்ளிக்கிழமை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம், நானும் கூட வருகிறேன் என்று பேசி வைத்துக்கொண்டோம். எலிகளைப் பார்த்தோம், தாளை நிரப்பினோம், டிக் போட்டேன்.

மதியம் பெரிய சார் என்னைக் கூப்பிட்டார். ரத்தப் பரிசோதனை முடிவு வந்திருந்தது. நிகோட்டின் உள்ளே போனால் உடம்பு அதை வேறொரு பொருளாக மாற்றி வைக்கும். அதைத்தான் ரத்தத்தில் தேடுவார்கள். கதவோர எலிகளில் நிறைய இருந்தது. சுவரோர எலிகளிலும் இருந்தது. கொஞ்சம்தான், ஆனால் ஒன்று விடாமல் எல்லாவற்றிலும். வெறும் தண்ணீர் குடித்த எலியில் ஒரு சொட்டுகூட இருக்கக் கூடாது. இருந்தால் ஒப்பிட ஆளில்லை, ஆய்வே குப்பை.

அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. உன் உள்ளங்கை. தினமும் அவை நக்கிய உன் விரல்கள். நீ பாசம் என்று நினைத்துக்கொண்டு நீட்டிய கையில், சோப்புக்கும் போகாமல் ரேகைக்குள் ஊறியிருந்த புகையிலை.

பெரிய சார் கெட்டவர் இல்லை. நிதானமாகத்தான் கேட்டார். "பணியாளர் ஒருவேளை புகையிலை போடுகிறவரா? கையுறை போட்டுக்கொண்டுதானே வேலை செய்கிறார்?" என் தாள்களை முன்னால் விரித்து வைத்திருந்தார். எல்லாக் கட்டத்திலும் என் டிக்.

"போட்டுக்கிட்டுதான் சார் செய்வாங்க. நான் தினமும் பாத்துதான் எழுதுறேன்" என்றேன்.

ஒரே வாக்கியம். உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று அந்தக் கணத்தில் நினைத்தேனா, என்னைக் காப்பாற்றிக்கொண்டேனா என்று பல தடவை கிளறிப் பார்த்துவிட்டேன். என்னைத்தான். டிக் பொய் என்றால் என் பதினெட்டு வருட டிக் எல்லாமே சந்தேகம். கையுறை உண்மை என்றால் மிச்சமிருப்பது ஒரே வழிதான் என்று சார் முடிவுக்கு வந்தார். பாட்டில் மாறியிருக்கிறது. சிவப்பு மூடியைச் சுவரோரத்தில் நீ அவ்வப்போது மாற்றி வைத்திருக்கிறாய். அசட்டை. மாலைக்குள் உன்னை நிறுத்திவிட்டார்கள்.

வாதாமரத்தடியில் பையோடு நின்றாய். நான் வந்ததும் அழுவாய், திட்டுவாய் என்று எதிர்பார்த்தேன்.

"நான் ஒரு நாள்கூட பாட்டில மாத்தி வெச்சது இல்ல யக்கா. உனுக்கே தெரியும்."

எனக்குத் தெரியும். நான் உன் பையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். கொஞ்ச நேரத்தில் உனக்கும் விளங்கிவிட்டது என்று உன் முகத்தில் தெரிந்தது. என் டிக்கைப் பற்றி நீ அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. உள்ளே போய், "அவங்க பொய் சொல்றாங்க சார், நான் கையுறையே போட்டதில்ல" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாமல் நெடுஞ்சாலை பக்கம் நடந்துவிட்டாய்.

சாலை முனைக் கடையில் நீ நின்றதை நான் ஷேர் ஆட்டோவிலிருந்து பார்த்தேன். இடது உள்ளங்கை விரிந்தது, வலது கட்டைவிரல் அசைய ஆரம்பித்தது. நாலே நாள். ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடி வந்து உன் கையைத் தட்டிவிட்டிருக்க வேண்டும். என்ன முகத்தை வைத்துக்கொண்டு இறங்குவது. பருத்திப்பட்டு வரை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன், ஏதோ அங்கிருந்தும் நீ தெரிவாய் என்பது போல.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி அப்படியே நின்றுபோயிற்று. மனசு கேட்காமல் ஒரு மாதம் கழித்து உன் வீட்டுக்கு வந்தேன். வேறு கம்பெனியில் பாத்திரம் கழுவும் வேலை கிடைத்திருந்தது உனக்கு. எனக்கு டீ போட்டுக் கொடுத்தாய். கன்னத்தில் அடக்கியிருந்தாய். இனியாவது விட்டுவிடு, ஆய்வு ரத்தாகியும் மிச்சமிருந்த எலிகள் எல்லாம் தெளிந்துவிட்டன, உதறுவதில்லை, வெளிச்சத்துக்கு வருகின்றன என்றேன். நல்ல சேதி சொல்கிறேன் என்ற நினைப்பு எனக்கு.

நீ எரிச்சல்படாமல்தான் சொன்னாய். "எலிக்கு நீ பாட்டில மாத்திட்ட, அது உட்டுச்சு. அதுவா உட்டுச்சு? எனுக்கு யாரு யக்கா பாட்டில மாத்துறது? தெருவுக்கு தெரு கடை கீது."

அந்த நாலு நாளும் கூட இருந்து உன் பாட்டிலை நான் மாற்றிக்கொண்டிருந்தேன், பிறகு ஒரே பொய்யால் பழைய பாட்டிலையே மாட்டிவிட்டேன். இதை அன்று உன்னிடம் சொல்லியிருக்கலாம். டீ நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

வெள்ளைத் திட்டு சிவந்து, புண்ணாகி, வாய் திறக்க முடியாமல் ஆன பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாய். கன்னத்தோடு தாடையில் ஒரு பகுதியையும் எடுத்தார்கள். உன் பேச்சு குழறியது. பாதி புரியும், பாதியை உன் மகள் எடுத்துச் சொல்வாள். அந்த வெள்ளைத் திட்டிலேயே என்ன எழுதியிருந்ததோ, நாலு நாள் நாற்பது நாளாகியிருந்தால் தப்பித்திருப்பாயா, யாருக்குத் தெரியும். டாக்டரைக் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். சொல்ல முடியாது என்பதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது. அதை வைத்துக்கொண்டுதான் காலையில் எழுந்திருக்கிறேன், குழம்பு வைக்கிறேன், ஆவடியில் ஆட்டோ ஏறுகிறேன்.

கடைசியாகப் பார்த்தபோது உன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தேன். "அந்த டிக்..." என்று ஆரம்பித்தேன். நீ கையைத் தூக்கி வேண்டாம் என்றாய். பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, உன் மகளின் உதவி இல்லாமலே கேட்டாய்.

"அந்த செவுத்தோர எலிங்கோ... ஓடி வருமே... என்கிட்டயா யக்கா வந்துச்சு? பொயிலகிட்டயா?"

எத்தனையோ பொய் சொன்னவள் நான். ஒரு வார்த்தைதான் நீ கேட்டது. உன்கிட்டதான் என்று சொல்லியிருந்தால் யார் என்னைக் கேட்டிருக்கப் போகிறார்கள். ஆனால் அந்த நேரம் பார்த்து எனக்குள் இருந்த வெள்ளைக் கோட்டுக்காரி விழித்துக்கொண்டாள். "தெரியலை" என்றேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய். கோபமில்லை. ஆமாம், உனக்கு எப்படித் தெரியும் என்பது போல.

இப்போது எலி வீட்டில் கையுறை இல்லாமல் யாரையும் விடுவதில்லை. நானே வாசலில் நின்று பார்க்கிறேன். புதிதாக வந்த பெண் நல்லவள், ஒழுங்கானவள். எலிகள் அவளைக் கண்டு ஓடி வருவதில்லை, என்னைக் கண்டும் வருவதில்லை. அவை பாட்டுக்கு இருக்கின்றன. போன வாரம் ஷேர் ஆட்டோவில் என் பக்கத்தில் உட்கார்ந்த ஒருத்தி உள்ளங்கையில் தேய்க்க ஆரம்பித்தாள். ஏற்பி, நாற்காலி, வெள்ளைத் திட்டு, எல்லாம் என் தொண்டை வரை வந்தது. அவள் பாவம், நாள் முழுக்க நின்றுவிட்டு வந்தவள் போலக் காலை நீட்டிக்கொண்டிருந்தாள். நான் நகர்ந்து இடம் விட்டேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் செய்யத் தெரியவில்லை.

சரி, பதிலுக்கு வருகிறேன். இந்தக் கோப்பின் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே வந்தேன். எல்லாவற்றிலும் ஓரத்தில் உன் பழுப்புக் கறை. ஆய்வு ரத்தாகும் முன் எழுதிய கடைசி நாலு தாளில் மட்டும் இல்லை. நீ விட்டிருந்த நாலு நாள். சுத்தமான ஓரம். முகர்ந்துகூடப் பார்த்தேன், வெறும் காகித வாசனைதான்.

நான்காம் தாளில், கையுறைக் கட்டத்தில் என் டிக். அதற்குக் கீழே குறிப்புகள் பகுதியில் என் கையெழுத்தில் எழுதியிருக்கிறது: சுவரோர வரிசை, கூண்டைத் திறந்ததும் எல்லாம் முன்னால் வந்தன. பணியாளரின் கையை முகர்ந்தன. கையிலேயே ஏறி உட்கார்ந்தன, இறக்கிவிட நேரமாயிற்று.

நான் எழுதியதுதான். அன்று காலை எழுதி, மதியம் வந்த இடியில் மறந்தே போயிருக்கிறேன். உன் தலைமாட்டில் உட்கார்ந்து தெரியலை என்று சொன்னபோது இந்தத் தாள் இங்கே அலமாரியில் இருந்திருக்கிறது.

பெரிய சாரிடம் காட்டினால் விளக்கிவிடுவார். பழகிய கை, பழகிய நேரம், கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு. நானே அப்படி விளக்கக்கூடியவள்தான். ஆனால் முகர்ந்து பார்த்திருக்கின்றன. ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொண்டிருக்கின்றன. அதற்குப் பிறகும் உட்கார்ந்திருக்கின்றன.

மற்ற தாள்களை மெஷினில் போட்டுவிடுவேன், போடத்தான் வேண்டும். இந்த ஒன்றை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். மேலே பொய், கீழே உண்மை, இரண்டும் ஒரே பேனாவில். பொய்யைப் பெரிய சாரிடம் உடனே சொல்லிவிட்டேன். உண்மையை இப்போதுதான் சொல்ல முடிகிறது, கேட்க நீ இல்லாத இடத்தில்.

உன்கிட்டதான் வந்துச்சு.